இடது பக்கம்

ஆ ஹெங் நாற்காலியை நகர்த்துகிறான்,
தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பின் மேல்
நான்கு கால்களும் சரியாக நிற்கும்வரை.
"இங்க உக்காரு. தலைய ஆட்டாத,"
எங்களோடு திடலில் பந்தடித்துக் கற்ற தமிழ்.
பாகாவில் கரோக்கே கடை இழுத்து மூடியபோது
கடனுக்கு ஈடாக அவனிடம் வந்த சாமான்:
முன்னால் மூன்று பெட்டி, முதுகுக்குப் பின்னால் இரண்டு,
மூலையில் ஒன்று, தரையை மட்டும் அதட்டுவதற்கு.
கீழே டயர் கடை. ரப்பர் வாசம் மாடிவரை ஏறும்.

கிடாமீசை.
அட்டையில் நின்ற நால்வரில் ஒருவனுக்கு
ஆட்டுக்கடாவுக்குக்கூட இருக்காத மீசை.
அசல் பெயர் எங்கள் வாயில் உடைந்துபோனதால்
தீம்பாரில் அந்த பேண்டுக்கே அதுதான் பெயர்.

எண்பத்து மூன்று. செபஸ்தியின் ரேடியோ கேசட்.
இடது ஸ்பீக்கர் கிழிந்து
உள்ளே கரப்பான் குடியிருந்தது.
வலது பக்கத்தை மட்டும் கேட்டு
நான் பாடினேன், ராமதுரை டிரம் தட்டினான்,
செபஸ்தி கித்தார்.
பிரட்டுக்களத்தில் ஒத்திகை.
பொம்பளப் பிள்ளை ஏன் இப்படிக் கத்துது என்று
கிராணி ஜன்னலைச் சாத்துவார்.

பி பக்கம், மூன்றாவது பாட்டு.
நடுவில் பாடகன் நிறுத்திவிடுவான்.
பதினாறு தட்டு, டிரம் மட்டும்.
"இங்க ஒரு கித்தார் இருக்கு புள்ள."
"இல்ல."
"இருக்கு. கொசு மாதிரி. எங்கேயோ."
"இல்லாதத வாசிச்சா அதுக்குப் பேரு திமிரு."
சொன்னது நான்தான்.

ரொம்பினில் ஒரு கல்யாணம்.
பதினாறு தட்டு வந்தது. அவன் வாசித்துவிட்டான்.
இரண்டு சுரம் இறங்கி, ஒன்று தயங்கி, மறுபடி இறங்கி.
மாப்பிள்ளை வீட்டார்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.
மைக்கைத் தரையில் வைத்துவிட்டு நான் நடந்தேன்,
பாதிப் பாட்டில்,
செம்பனைக்குள் மூன்று மைல்.
அடுத்த மாதம் அவன் சிங்கப்பூருக்குப் போனான், பஸ் ஓட்ட.

நான் மில்லில் நிறுவைக்காரி.
லாரி பழத்தோடு ஒரு எடை, காலியாக ஒரு எடை,
கழித்தால் வருவதுதான் கணக்கு.
இருபத்தேழு வருஷம் அதில் தப்பு செய்ததில்லை.

ஆ ஹெங் வட்டை உள்ளே தள்ளுகிறான்.
முதல் பாட்டில் யாரோ இருமுவது கேட்கிறது.
இரண்டாவதில் ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது.
இவ்வளவு சாமான் இருந்ததா இதற்குள்!
ஒரு குடித்தனமே நடத்தியிருக்கிறார்கள்.

மூன்றாவது.
பாடகன் நிறுத்துகிறான்.
ஒன்று, இரண்டு, மூன்று,
நாலாவது தட்டில்
என் இடது தோளுக்குப் பின்னால்
ஒருவன் கித்தாரைத் தொடுகிறான்.
தலையை ஆட்டிவிட்டேன். திரும்பியே விட்டேன்.
சுவர். சீன நாள்காட்டி. தீயணைக்கும் சிலிண்டர்.

நாடாவில் இந்தப் பக்கம் கசிந்த
ஒரு நூல் அளவு சத்தம்,
அதைப் பிடித்திருக்கிறான் அவன்.

ஆனால் அவன் வாசித்தது இதுவல்ல.
இது மேலே ஏறுகிறது. சாமர்த்தியமாக, படிப்படியாக,
எங்கே போகிறோம் என்று தெரிந்தவன் ஏறுவது போல.
அவனுடையது இறங்கியது.
அவனுடையது நன்றாக இருந்தது.
இதைச் சொல்ல எனக்கு ஐந்து பெட்டி வேண்டியிருந்தது.

போனில் பதிவு செய்து அனுப்பினேன்.
அனுப்பிய பிறகு ஓட்டிப் பார்க்கிறேன்:
போனுக்கு ஒரே காது.
டிரம் மட்டும், பதினாறு தட்டு.
அழித்தேன்.
"இருந்துச்சு" என்று ஒற்றைச் சொல்லை எழுதினேன்,
சாவு வீட்டு வாட்ஸ்அப் குழுவில் எடுத்து வைத்திருந்த எண்ணுக்கு.

மணி நாலரை. பள்ளி விடும் நேரம்,
ஸ்டியரிங்கில் இருப்பான்.
இன்னும் ஒற்றை டிக்தான்.

கீழே பழ லாரி போகிறது. கண்ணாடி அதிர்கிறது.
எடை போடாமலே சொல்வேன், பதினெட்டு டன்.

"மறுபடி போடவா?"
"போடு. முதல்லேருந்து வேணாம்.
அந்த எடம் மட்டும்."